முகத்தின் நிறத்தைத் தேடிய மெக்ஸ் ஃபெக்டர்

பெருநாள் நெருங்கினாலும் குடும்பத்தில் ஒரு கலியாணம் வந்தாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடையே ஒரு கேள்வி தலைதூக்கிவிடும். முகத்துக்குப் பவுண்டேஷன் வாங்குவதா, அல்லது இப்போது கடைகளில் கிடைக்கும் டின்டட் மொய்ச்சரைசர் என்ற நிறம் கலந்த மெல்லிய கிறீம் போதுமா என்பதே அது. கலகெதரவில் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், கடையில் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு யோசித்து நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். நானும் அப்படி நின்றவள்தான். நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே விற்பவர் எமது தோலை விட இரண்டு படி வெளுப்பான ஒன்றை எடுத்து நீட்டிவிடுவார்.

இதற்குப் பதில் தேடிப் போனபோதுதான் மெக்ஸ் ஃபெக்டரின் வாழ்க்கையைப் படிக்கக் கிடைத்தது. அந்தப் பெயரை ஒரு கம்பனியின் பெயராகவே பலரும் அறிவர். அது ஒரு மனிதரின் பெயர் என்பது எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அரண்மனையில் இருந்து தப்பி ஓடிய ஓர் ஏழைப் பையனின் கதை அது. இன்று நாம் பவுண்டேஷன் என்று சொல்லும் பொருள் இந்த வடிவத்துக்கு வந்ததில் அவருக்குள்ள பங்கு பெரியது.

அவருடைய இயற்பெயர் மக்ஸிமிலியன் ஃபக்டரோவிச். 1877ஆம் ஆண்டளவில், போலந்தின் லோட்ஸ் நகரை அண்டிய பகுதியில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் அந்தப் பிரதேசம் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. வீட்டில் பிள்ளைகள் பலர், வருமானம் குறைவு. எனவே எட்டு வயதிலேயே மருந்துக்கடையில் எடுபிடி வேலைக்குப் போனார். எங்கள் பாடசாலையில் மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் வயது அது. மருந்தை அரைப்பதும் கலப்பதும் எப்படி என்பதை அந்த வயதில் அங்கே பார்த்துக்கொண்டார்.

மருந்தும் ஒப்பனையும் ஒரே மேசையில் இருந்து வந்தவை என்பதை இங்கே ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த எமது மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தமது முப்பது பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீப்' என்ற மருத்துவக் களஞ்சியத்தில் வாசனைப் பொருட்களுக்கும் அழகுப் பொருட்களுக்கும் தனியாக ஒரு பாகம் ஒதுக்கினார். தோலைப் பேணுவதை மருத்துவத்தின் ஒரு கிளையாகவே அவர் கண்டார். கண்ட கண்ட இடத்தில் பெயரில்லாத டப்பாவில் கிறீம் வாங்கிப் பூசும் நாங்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒன்பது வயதில் சிறுவன் மக்ஸிமிலியன் ஒரு பொய்முடி செய்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். பொய்முடி செய்வது பொறுமையின் உச்சம். உண்மையான தலைமயிரை இழை இழையாக எடுத்து வலைத்துணியில் முடிச்சிட வேண்டும். அங்கே கண்ணும் விரலும் பழகின. பின்னர் பேர்லினில் ஒரு பெரிய சிகையலங்காரக்காரரிடம் வேலை செய்து, பதினான்கு வயதில் மொஸ்கோவுக்குப் போய் அரச இசை நாடக அரங்கின் ஒப்பனைப் பகுதியில் சேர்ந்தார். பதினெட்டு வயதானதும் ரஷ்ய இராணுவத்தில் கட்டாய சேவை. அது முடிந்ததும் மொஸ்கோவை அண்மித்த ரியாசான் நகரில் சொந்தமாக ஒரு கடை திறந்தார். பொய்முடி, வாசனைப் பொருள், தாமே தயாரித்த கிறீம், பவுடர் எல்லாம் அங்கே விற்றார்.

அந்தக் கடையில் பொருள் வாங்கிய நாடகக் குழு ஒன்று சார் மன்னரின் குடும்பத்தின் முன்னால் நடிக்கப் போனது. நடிகர்களின் ஒப்பனையைப் பார்த்து அதைச் செய்தவர் யார் என்று விசாரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். இளைஞர் அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். அரச குடும்பத்துக்கும் அரச நாடக அரங்குக்கும் ஒப்பனை வல்லுநர் ஆனார்.

வெளியில் இருந்து பார்ப்போருக்கு இது பெரும் பாக்கியம். உள்ளே இருந்தவருக்கு அது பொற்கூடு. அரண்மனைப் பிரமுகர்களின் முகக் குறைகளை மறைப்பது அவர் வேலை. அந்தக் குறைகளை அறிந்த காரணத்தாலேயே அவர் எப்போதும் கண்காணிப்பில் இருந்தார். எஸ்தர் ரோசா என்ற பெண்ணை மணந்ததைக் கூட இரகசியமாக வைத்திருந்தார். பிள்ளைகள் மூவர் பிறந்தும், மனைவி மக்களை ஒளித்து ஒளித்தே போய்ப் பார்க்க முடிந்தது. வெளியிலோ யூதர்கள் மீதான வன்முறை நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தது.

1904இல் அவர் தப்பினார். தப்பிய விதத்தை அவருடைய வாழ்க்கையை எழுதியோர் சுவையாகச் சொல்வார்கள். தெரிந்த வைத்தியர் ஒருவரின் துணையோடு, தம் முகத்துக்குத் தாமே நோயாளியின் மஞ்சள் நிறம் பூசிக்கொண்டாராம். பார்த்தவர்கள் அவர் கடும் நோயில் இருப்பதாக நம்பி, கார்ல்ஸ்பாட் நீரூற்றுகளுக்குச் சென்று ஓய்வெடுக்க அனுமதி கொடுத்தார்கள். அங்கே மனைவி, பிள்ளைகளைச் சந்தித்துக் குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பிறரை அழகாகக் காட்டப் பழகிய கை, ஒரு குடும்பத்தின் உயிரைக் காக்கத் தன் முகத்தை நோயுற்றதாகக் காட்டியது. அவர் செய்த ஒப்பனைகளிலே சிறந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அமெரிக்காவில் பெயர் சுருங்கி மெக்ஸ் ஃபெக்டர் ஆயிற்று. அதே ஆண்டில் சென் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு கடை போட்டார். கூட்டாளியாகச் சேர்ந்தவர் பொருளையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டார். ஆங்கிலம் சரிவரப் பேசத் தெரியாத ஒருவர், நான்காவது பிள்ளையும் பிறந்த வேளையில், வெறுங்கையோடு நின்றார். பிறகு முடி வெட்டும் கடை ஒன்றை நடத்தினார். 1906இல் எஸ்தர் திடீரென மூளையில் இரத்தம் கசிந்து காலமானார். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் செய்த இரண்டாவது திருமணம் நிலைக்கவில்லை. 1908இல் அயலில் இருந்த ஜென்னி குக் என்ற பெண்ணை மணந்தார். அந்த வாழ்வு நிலைத்தது. அவ்வாண்டே குடும்பத்தோடு லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு இடம் மாறினார்.

அந்த நேரத்தில் லொஸ் ஏஞ்சல்ஸில் புதிதாக ஒரு தொழில் முளைத்துக்கொண்டிருந்தது. அதுதான் சினிமா.

இதுவரை மேடை நடிகர்கள் பூசிவந்தது எண்ணெய்ச் சாயம். 1873இல் பேர்லினில் லைக்னர் என்ற பாடகர் குச்சி வடிவில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். கொழுப்பும் சாயமும் கலந்த தடித்த பூச்சு அது. மேடைக்கு அது பொருத்தமானது. ஏனெனில் பார்ப்பவர் தூரத்தில் இருக்கிறார். சினிமாவில் கமரா முகத்துக்குக் கிட்ட வந்துவிடுகிறது. நடிகை சிரித்தால் பூச்சு வெடிக்கும். வெடிப்பு திரையில் ஓர் ஆள் உயரத்துக்குத் தெரியும். சிலர் வீட்டிலே தாமாக ஏதேதோ கலந்து பூசிப் பார்த்தார்கள். அவையும் சரிவரவில்லை.

1914இல் மெக்ஸ் ஃபெக்டர் இதற்கு ஒரு வழி கண்டார். குச்சியாக இருந்த சாயத்தைக் கிறீமாக்கிச் சிறு சாடியில் அடைத்தார். பன்னிரண்டு நிறங்களில் அது வந்தது. மெல்லியதாகப் பூசலாம், முகத்தோடு சேர்ந்து அசையும், வெடிக்காது. பவுண்டேஷனின் வரலாற்றில் இதை ஒரு திருப்பமாகச் சொல்கிறார்கள். நான் கவனித்தது வேறு. தடிப்பைக் கூட்டாமல் குறைப்பதன் மூலம் அவர் இதைச் சாதித்தார். இன்று மெல்லிய கிறீமா, கனத்த பூச்சா என்று நாம் கேட்கும் கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அதே காலத்தில் திரைப்படங்களுக்கு உண்மையான தலைமயிரில் செய்த பொய்முடிகளை வாடகைக்குக் கொடுத்தும் வந்தார். விலை கூடிய பொருள் அல்லவா! தொலைந்துவிடக் கூடாதென்று தம் பிள்ளைகளைத் துணை நடிகர்களாகச் சேர்த்துவிட்டார். படப்பிடிப்பு முடிந்ததும் ஒவ்வொரு தலையில் இருந்தும் முடியைக் கழற்றி எண்ணி எடுத்து வருவது பையன்களின் வேலை. கண்காட்சியில் ஏமாந்த மனிதர் பாடம் படித்துவிட்டார்.

அவர் வாழ்நாள் முழுதும் மல்லுக்கட்டியது வெளிச்சத்தோடு. அக்காலப் படச்சுருள் சிவப்பு நிறத்தைப் பிடிக்காது. சிவந்த கன்னம் திரையில் கறுத்துத் தெரியும். நீலக் கண் வெளிறிப் போகும். 1920களின் கடைசியில் எல்லா நிறங்களையும் பிடிக்கும் புதிய சுருள் வந்தது. கூடவே புதிய விளக்குகளும் வந்தன. பழைய ஒப்பனை எல்லாம் ஒரேயடியாகப் பிழைத்துப் போனது. 1928இல் அதற்கேற்ற புதிய நிறவரிசையை அவர் தயாரித்தார். பின்னர் வண்ணப் படம் வந்து மறுபடியும் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. முகம் மாறவில்லை, வெளிச்சம் மாறியது. அதனால் பூச்சும் மாறவேண்டி வந்தது.

நடிகைகளோடு மட்டும் அவர் நிற்கவில்லை. 1918இல் சாதாரணப் பெண்களுக்கான பவுடர்களை நிறப் பொருத்தம் என்ற எண்ணத்தில் வகுத்தார். அதற்கு முன் முகப் பவுடர் என்றால் வெள்ளை, இளஞ்சிவப்பு என்று ஒன்றிரண்டு நிறங்கள்தான் பெரும்பாலும் இருந்தன. தோல், தலைமயிர், கண் ஆகியவற்றின் நிறத்தைப் பார்த்துத்தான் பவுடரின் நிறத்தைத் தெரிய வேண்டும் என்றார் அவர். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் வீடுகளில் ஒரே வெள்ளைப் பவுடர் டின்னில் உம்மாவும் பிள்ளைகளும் பூசி, எல்லோரும் சாம்பல் பூத்தது போல வெளிக்கிடுவது இன்னும் நின்றபாடில்லை.

அவருடைய காலத்திலேயே இன்னொரு பக்கத்தில் ஹெலினா ரூபின்ஸ்டைன் என்ற பெண்மணி இருந்தார். அவரும் போலந்தில் பிறந்த யூதர். அவுஸ்திரேலியாவில் கிறீம் விற்கத் தொடங்கி உலகப் பெயர் பெற்றவர். வறண்ட தோல், எண்ணெய்த் தோல், சாதாரணத் தோல் என்று தோலை வகை பிரித்து, அதற்கேற்ற கிறீமைப் பூசச் சொன்னார். ஒருவர் தோலின் நிறத்தைப் பார்த்தார். மற்றவர் தோலின் தன்மையைப் பார்த்தார். கடையில் நிற்கும் நமக்கு இரண்டு பார்வையும் தேவைப்படுகிறது.

1935இல் ஹொலிவூட்டில் மெக்ஸ் ஃபெக்டரின் பெரிய ஒப்பனைக் கூடம் திறக்கப்பட்டது. அதில் நான்கு அறைகள். பொன்னிறக் கூந்தலாருக்கு நீல அறை, செந்நிறக் கூந்தலாருக்குப் பச்சை அறை, கருங்கூந்தலாருக்கு இளஞ்சிவப்பு அறை, கபிலக் கூந்தலாருக்கு இன்னொன்று. ஒவ்வொருவரின் நிறமும் எடுத்துக்காட்டப் பொருத்தமான சுவர். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நான்கு அறைகளும் வெள்ளைத் தோலையே மனதில் வைத்துப் பிரிக்கப்பட்டவை. மண்ணிறத் தோலுக்கு அங்கே ஓர் அறை இருக்கவில்லை. கம்பனி தயாரித்த கபில நிறப் பூச்சு ஒன்று அவருக்குப் பின் வந்த ஆண்டுகளில், வெள்ளை நடிகைகளைக் கறுப்பின வேடத்துக்குக் கறுப்பாக்கப் பயன்பட்டதையும் படித்தேன். நிறத்துக்கு நிறம் பொருந்த வேண்டும் என்று போதித்தவரின் கடையில் எங்கள் நிறம் வேடமாகத்தான் இருந்தது. அவருடைய திறமையை மதிக்கும்போதே இதையும் சொல்லத்தான் வேண்டும்.

முகத்தை அளக்கக் கூட ஓர் இரும்புக் கூடு செய்தார். தலையைச் சுற்றி மாட்டித் திருகாணிகளை முடுக்கினால் மூக்கு எவ்வளவு கோணல், கண் எவ்வளவு இடைவெளி என்று காட்டுமாம். அதன் படத்தைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. அது பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. நல்ல காலம்.

இனி அவருடைய கடைசிப் பெரிய கண்டுபிடிப்பு. வண்ணப் படத்தில் எண்ணெய்ச் சாயம் மினுங்கியது. மினுங்கிய முகம் பக்கத்தில் நிற்பவரின் உடுப்பு நிறத்தைக் கூடத் தன்னில் பிரதிபலித்தது. பச்சைச் சட்டைக்காரர் அருகில் நின்றால் கதாநாயகியின் கன்னத்தில் பச்சை தெரிந்தால் எப்படியிருக்கும்! இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றுகொண்டிருந்த வேளையில் மெக்ஸ் ஃபெக்டரை ஒரு பொருள் விநியோக வாகனம் மோதிவிட்டது. அவர் படுக்கையில் இருக்க, மகன் ஃபிராங்க் வேலையை முன்னெடுத்தார். இரண்டு ஆண்டுகள் பாடுபட்டு உருவானதுதான் 'பேன்கேக்'. தட்டையான சிறு தட்டில் அழுத்திய தூள் கட்டி. ஈர ஸ்பொஞ்சால் தொட்டு எடுத்து முகத்தில் பரப்ப வேண்டும். மெல்லியது, மினுங்காதது, ஆயினும் தழும்பையும் புள்ளியையும் மறைப்பது. 1937இல் வெளியான 'வோக்ஸ் ஒஃப் 1938' என்ற வண்ணப் படத்தில் முதன்முதல் பாவிக்கப்பட்டது. நடிகைகள் படப்பிடிப்புத் தளத்தில் இருந்து அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். சொல்லாமல்தான்.

இங்கே ஒரு சிக்கல் முளைத்தது. படப்பிடிப்பு விளக்கின் கடும் வெளிச்சத்துக்காகச் செய்த அந்த நிறங்கள், சாதாரண விளக்கில் முகத்தைக் கறுப்பாகக் காட்டின. இதை சினிமாவுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம் என்பது தந்தையின் எண்ணம். வீட்டு வெளிச்சத்துக்கு ஏற்ற இலேசான நிறங்களைச் செய்வோம் என்பது மகனின் எண்ணம். மகனின் எண்ணம் வென்றது. 1938இல் கடைகளுக்கு வந்த பேன்கேக் அதுவரை இல்லாத அளவு விற்பனையானது.

தமிழருக்கும் அந்தப் பெயர் புதிதல்ல. சென்னையில் எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை செய்த எழுத்தாளர் அசோகமித்திரன், அங்கே பேன்கேக் லொறிக் கணக்கில் வாங்கப்பட்டதையும், ஒப்பனை அறையின் விளக்குகளுக்கு நடுவே நடிகர்கள் பட்ட பாட்டையும் நகைச்சுவையோடு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ஹொலிவூட்டில் மெல்லியதாகப் பிறந்த பொருள் கோடம்பாக்கம் வந்து சேர்ந்தபோது மறுபடியும் அப்பிப் பூசும் பொருளாகிவிட்டது.

தந்தையும் மகனும் தர்க்கித்த அந்த விடயம் எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணத்தன்று எனக்கு விளங்கியது. சாச்சியின் மகள், நான் ராத்தா என்று கூப்பிடுபவர், நல்ல மாநிறம். கலியாணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பே யாரோ சொன்னார்கள் என்று விவரம் எதுவும் அச்சிடப்படாத ஒரு வெளுக்கும் கிறீமைப் பூசத் தொடங்கினார். முதல் மாதம் வெளுத்தது. பின்பு கன்னம் சிவந்து, உரிந்து, எரியத் தொடங்கியது. இப்படியான சில கிறீம்களில் பாதரசம் கலக்கப்படுவதையும், அது தோலோடு நில்லாமல் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பதையும் உலக சுகாதார நிறுவனம் பல காலமாக எச்சரித்து வருகிறது. அதை நாங்கள் அறிந்தது பிறகுதான். தோல் வைத்தியரிடம் போய் ஒருவாறு தணிந்தது. ஆனால் கருந்திட்டுகள் எஞ்சின. கலியாணத்தன்று அதை மறைக்கக் கனத்த பவுண்டேஷன், அதுவும் வெளுப்பான நிறத்தில் பூசினார்கள். பூசியது ஜன்னல் மூடிய அறையில் டியூப் விளக்கின் கீழ். பெண்கள் பகுதியில் பகல் வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தபோது முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதோன்றி இட்ட கை இன்னொரு நிறம். கமராவின் பளிச்சொளியில் முகம் இன்னும் வெள்ளையாக விழுந்தது. குடும்பத்துக்கென்று எடுத்த அந்த அல்பத்தை ராத்தா இன்றுவரை விரும்பித் திறப்பதில்லை.

பவுண்டேஷனும் டின்டட் மொய்ச்சரைசரும் நிறத்துக்குப் பாவிப்பவை பெரும்பாலும் ஒரே பொருட்கள்தான். இரும்பின் ஒட்சைட்டுகள் சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறங்களைத் தரும். டைட்டேனியம் டையொட்சைட்டு வெள்ளையைத் தரும். பவுண்டேஷனில் இந்த நிறமிகள் அதிகம். அதனால் மறைக்கும் ஆற்றலும் அதிகம். டின்டட் மொய்ச்சரைசரில் ஈரப்பதன் தரும் கிறீமே பிரதானம், நிறமி கொஞ்சம். தோல் உள்ளே தெரியும். சிறு நிற வித்தியாசம் மட்டும் சமனாகும். ராத்தாவின் திட்டுகளை அது முழுதாக மறைத்திராது. பவுண்டேஷன் எடுத்தது பிழையல்ல, நிறம்தான் பிழை. வெள்ளை நிறமி கூடிய ஒன்றை மாநிறத் தோலில் தடித்துப் பூசினால் சாம்பல் நிறந்தான் வரும். கூந்தலுக்கும் கண்ணுக்கும் பொருந்த நிறம் பார்த்த மெக்ஸ் ஃபெக்டருக்கு இது 1918இலேயே தெரிந்திருந்தது.

திட்டுகள் உள்ள இடத்தில் மட்டும் பவுண்டேஷனைத் தொட்டு வைத்து, மற்ற இடங்களில் மெல்லிய கிறீமைப் பரப்பலாம் என்று அந்தத் தோல் வைத்தியர் பின்னர் சொன்னார். வறண்ட தோலுள்ளவருக்குக் கனத்த பவுண்டேஷன் வரி வரியாகப் பிளந்து நிற்கும். அவருக்கு ஈரப்பதன் உள்ளது நல்லது. எண்ணெய் வடியும் முகத்தில் கிறீம் தன்மை கூடியது சீக்கிரம் வழுக்கும், பருவும் வரலாம். இரும்பு ஒட்சைட்டு உள்ள பூச்சுகள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுப்பதால், மங்கு விழும் தோலுக்குப் பிரயோசனம் என்றும் அவர் விளக்கினார். எஸ்.பி.எஃப். என்று போத்தலில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வெயிலில் இறங்க வேண்டாம் என்றார். அந்த அளவைப் பரிசோதிக்கும்போது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாம் யாரும் அவ்வளவு பூசுவதில்லை.

எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. வுழூச் செய்யும்போது தண்ணீர் தோலில் பட வேண்டும். பழைய எண்ணெய்ச் சாயத்தை அகற்ற இன்னொரு எண்ணெய்க் கிறீம் வேண்டியிருந்தது. ஈர ஸ்பொஞ்சால் பூசிய பேன்கேக் அந்தத் தொல்லையைக் குறைத்தது. இன்றைய நீர்புகாப் பவுண்டேஷன்கள் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து நிற்கின்றன. கலியாண மண்டபத்தில் ளுஹர் நேரம் வந்ததும் பூச்சைக் கழுவ மனமில்லாமல் தடுமாறும் பிள்ளைகளை நாம் காணாததல்ல. இலேசாகக் கழுவி, இலேசாகத் திரும்பப் பூசக்கூடிய ஒன்றாக இருந்தால் அந்தத் தடுமாற்றம் இல்லை.

மெக்ஸ் ஃபெக்டர் பேன்கேக்கின் முழு வெற்றியையும் காண இருக்கவில்லை. 1938இல் மகன் டேவிஸோடு ஐரோப்பாவுக்குப் போனார். பாரிஸில் இருந்தபோது, 200 டொலர் தராவிட்டால் உயிர் போகும் என்று மிரட்டும் கடிதம் ஒன்று வந்தது. பொலிஸார் அவரைப் போன்ற ஒருவரைக் குறித்த இடத்துக்கு அனுப்பினார்கள். பணம் வாங்க எவரும் வரவில்லை. ஆனால் அந்த மிரட்டல் அவரை உலுக்கிவிட்டது. சார் மன்னரின் அரண்மனையில் ஒளிந்து வாழ்ந்த பழைய பயம் மீண்டும் வந்திருக்கக்கூடும். நோயுற்று அமெரிக்கா திரும்பி, ஓகஸ்ட் 30ஆம் திகதி வீட்டில் காலமானார். மகன் ஃபிராங்க் தந்தையின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டு கம்பனியை நடத்தினார். பின்னாளில் கம்பனி குடும்பத்தின் கையை விட்டுப் போய்ப் பல கைகள் மாறியது. நான்கு அறைகள் கொண்ட அந்தக் கட்டடம் இன்று ஹொலிவூட்டின் ஓர் அரும்பொருட்காட்சிச்சாலை.

மெல்லிய பூச்சின் கதை அவரோடு நின்றுவிடவில்லை. 1960களில் ஜேர்மனியின் கிறிஸ்டீன் ஷ்ரமெக் என்ற தோல் மருத்துவர், தோல் உரிக்கும் சிகிச்சை பெற்றவர்களின் சிவந்த முகத்தை ஆற்றவும் மறைக்கவும் ஒரு நிறக் கிறீம் செய்தார். இன்று பி.பி. கிறீம் என்று விற்பவற்றின் மூலம் அதுவே. அதை அறிந்தபோது ராத்தாவின் உரிந்த கன்னம்தான் என் நினைவுக்கு வந்தது.

சென்ற பெருநாளுக்கு முன் ராத்தாவும் நானும் கண்டிக்குப் போனோம். விற்பவர் வழக்கம் போல வெளுப்பான ஒன்றை நீட்டினார். ராத்தா அதை வாங்கவில்லை. மூன்று நிறங்களைத் தாடை ஓரத்தில் சிறு கோடுகளாகத் தொட்டுக்கொண்டு, கடை வாசலுக்கு வந்து வீதி வெளிச்சத்தில் கைக்கண்ணாடியைப் பிடித்தார். இரண்டு கோடுகள் தெரிந்தன. மூன்றாவது கழுத்தோடு கலந்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்தத் தேன் நிறத்தில் ஒரு சின்ன டியூபை வாங்கிக்கொண்டு, அஸருக்கு முன் வீடு வந்து சேர்ந்தோம்.